தோற்கிற கட்சியில் மாப்பிள்ளை நிற்கலாமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகேயிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் நர்ஸ், 2019-ல் இங்கிலாந்து போனார். மாப்பிள்ளை அங்கே தனியார் முதியோர் இல்லம் ஒன்றில் மேற்பார்வையாளர். இருவருக்கும் 2024-ல் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி (அங்கே ஐ.எல்.ஆர். என்கிறார்கள்) கிடைத்துவிட்டது, கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட்தான். கன்சர்வேட்டிவ் கட்சியின் உள்ளூர்க் கிளை, வருகிற மே மாதக் கவுன்சில் தேர்தலில் நிற்கச் சொல்லி மாப்பிள்ளையைக் கேட்டிருக்கிறது. "முங்குகிற கப்பலில் இவர் ஏன் ஏற வேண்டும்?" என்பது ஆசிரியரின் முதல் கேள்வி. இரண்டு வரி தள்ளி அவரே, "எங்க ஊர்ல பாத்ததுதான், ஒரு தடவை இவங்க, மறு தடவை அவங்க, அதனால் எப்படியும் திரும்பி வந்துவிடும்தானே?" என்றும் கேட்கிறார். கட்சி மாறி, குடியேற்றத்தை எதிர்க்கும் வலதுசாரிக் கட்சியான ரிஃபார்ம் யு.கே.யில் நின்றால் ஜெயிக்க வாய்ப்பு அதிகமா, இந்தியக் குடியுரிமைக்குச் சிக்கல் வருமா, செலவுக்குத் தான் இரண்டு லட்சம் ரூபாய் அனுப்பலாமா, ஏப்ரலில் அங்கே போகும்போது துண்டறிக்கை கொடுக்கப் போகலாமா என்பவை மற்றக் கேள்விகள்.

பதில்:

ஐயா, கட்சி மீளுமா என்பதும் மாப்பிள்ளை ஜெயிப்பாரா என்பதும் உங்கள் கடிதத்தில் பின்னிக் கிடக்கின்றன. கட்சி தேசிய அளவில் சரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு வார்டில் அதன் ஆள் ஜெயிப்பதுண்டு. கட்சி எழுந்து நிற்கும்போது நம் ஆள் தோற்பதும் உண்டு. முதலில் கட்சியை எடுத்துக்கொள்வோம்.

மாறி மாறி வரும் என்ற கணக்கு

கேரளத்தில் 1982 முதல் 2016 வரை ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சி கைமாறியது. 2021-ல் இடது முன்னணி மறுபடி வந்து அந்தக் கணக்கை உடைத்ததை நீங்களே பார்த்தீர்கள். இங்கிலாந்தில் அந்தத் தாளமும் கிடையாது. 1979-ல் வந்த கன்சர்வேட்டிவ் கட்சி 18 ஆண்டு ஆண்டது, அடுத்து லேபர் (தொழிலாளர் கட்சி) 13 ஆண்டு, மறுபடி கன்சர்வேட்டிவ் 14 ஆண்டு.

ஆட்சியில் இருப்பவர் மீது வெறுப்பு வருவது இயல்பு. அந்த வெறுப்பு எந்த வாசலில் போய் நிற்கும் என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் 1991-ல் தி.மு.க. இரண்டே தொகுதிகளில் ஜெயித்தது, 1996-ல் ஆட்சிக்கே வந்துவிட்டது. இடையில் அ.தி.மு.க. மீது கோபப்பட்டவர்களுக்குப் போக வேறு பெரிய இடம் இல்லை. இதற்கு நேர்மாறாகக் காங்கிரஸ் 1967-ல் தமிழ்நாட்டில் தோற்றபோதும் சுமார் 41 சதவீத வாக்கு வாங்கியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்தவர்கள் அடுத்த முறை வந்துவிடும் என்றுதான் நினைத்திருப்பார்கள். 1972-ல் அ.தி.மு.க. பிறந்தது. தி.மு.க.வைப் பிடிக்காதவர்களுக்குப் புது வீடு கிடைத்தது. காங்கிரஸ் கோட்டைக்குத் திரும்பவே இல்லை. ஆந்திரத்திலும் இப்படித்தான்: 2009-ல் ஒன்றுபட்ட மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்த காங்கிரஸ், பிரிவினைக்குப் பின் 2014-ல் ஒரு சட்டமன்ற இடம்கூட ஜெயிக்கவில்லை, 2019-லும் இல்லை. அதன் வாக்காளர் பெரும்பாலும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசில் குடியேறிவிட்டார்கள்.

ஆகவே "இரண்டாம் இடம் யாருடையது" என்று பாருங்கள். இரண்டாம் இடத்தைக் காப்பாற்றிக்கொண்ட கட்சி எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் மீண்டு வரலாம். அதைப் பறிகொடுத்த கட்சிக்கு, ஆளுங்கட்சி செய்கிற தவறுகூட உதவாது.

இப்போது அந்தக் கட்சி எங்கே நிற்கிறது

2019 டிசம்பரில் 43.6 சதவீத வாக்கும் 365 இடமும் வாங்கிய கட்சி, 2024 ஜூலை 4-ல் 23.7 சதவீதத்துக்கும் 121 இடத்துக்கும் இறங்கியது. அதன் வரலாற்றிலேயே இதைவிடக் குறைவாக வாங்கியதில்லை. காரணங்களை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள்: ஊரடங்கின்போது பிரதமர் அலுவலகத்திலேயே நடந்த விருந்துகள், 2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் அரசின் பட்ஜெட்டைத் தொடர்ந்து ஏறிய வீட்டுக்கடன் வட்டி, மருத்துவமனைக் காத்திருப்பு, குறைப்போம் என்று சொல்லிச் சொல்லியே கூடிப்போன குடியேற்றம். இதில் நிர்வாகத் திறமை என்ற பெயர் போனதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம் என்பது என் கணிப்பு. பழமைபேணும் கட்சிக்கு வாக்களிப்பவர் புரட்சியை எதிர்பார்த்துப் போடுவதில்லை. கணக்கு வழக்கு ஒழுங்காக இருக்கும் என்று நம்பித்தான் போடுகிறார்.

போன வாக்குகள் ஒரே பக்கம் போகவில்லை. தென் இங்கிலாந்தின் வசதியான ஊர்களில் மிதவாத லிபரல் டெமாக்ரட் கட்சி இடங்களை அள்ளியது (மொத்தம் 72). 2019-ல் கன்சர்வேட்டிவுக்குப் போட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ரிஃபார்முக்குப் போனதாகக் கருத்துக்கணிப்புகள் காட்டின. பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வாக்குப்பதிவு 67 சதவீதத்திலிருந்து சுமார் 60-க்கு இறங்கியது. ஒரு பக்கம் போனவரை இழுக்கச் சொல்லும் பேச்சு மறுபக்கம் போனவரைத் துரத்தும். அந்தக் கட்சியின் நெருக்கடி முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

2024 நவம்பரில் கெமி பேடனாக் தலைவரானார். அந்தத் தலைமைத் தேர்தலில் வாக்களிக்கத் தகுதி பெற்ற உறுப்பினர் சுமார் 1.32 லட்சம் பேர்தான். 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் கட்சி 600-க்கும் மேற்பட்ட கவுன்சிலர்களை இழந்தது, ரிஃபார்ம் 10 கவுன்சில்களைக் கைப்பற்றியது. அதே நாளில் கேம்பிரிட்ஜ்ஷயர், பீட்டர்பரோ வட்டார மேயர் பதவியைக் கன்சர்வேட்டிவ் ஜெயித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சரிவு எல்லா ஊரிலும் ஒரே ஆழத்தில் இல்லை.

இதற்கு முன் மீண்டவர்கள் எப்படி மீண்டார்கள்

1945-ல் சர்ச்சில் போரை ஜெயித்துவிட்டுத் தேர்தலில் தோற்றார். ஆறே ஆண்டில், 1951-ல் கட்சி திரும்பியது. இடையில் மூன்று வேலைகள் நடந்தன. உல்டன் பிரபு கட்சி அமைப்பைக் கவனிக்கும் சேர்மனாக இருந்து (தலைவர் சர்ச்சில்தான்) கிளைகளை உயிர்ப்பித்து உறுப்பினர் சேர்த்தார். 1950-களின் தொடக்கத்தில் உறுப்பினர் எண்ணிக்கை 28 லட்சம் அளவுக்குப் போனது. 1947-ல் வெளியிட்ட தொழில் சாசனம், லேபர் அரசு செய்த பல மாற்றங்களை ஏற்றுக்கொண்டது. "இவர்கள் வந்தால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள்" என்ற பயம் குறைந்தது. மூன்றாவது அதிகம் பேசப்படாத வேலை: வேட்பாளர் தன் கிளைக்குக் கொடுக்கும் பணத்துக்கு ஆண்டுக்கு 25 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதுவரை பணக்காரர் பையைத் திறந்து தொகுதியை வாங்கும் பழக்கம் இருந்தது. அதன்பின் நடுத்தர வர்க்கத்து இளைஞர்கள் உள்ளே வர முடிந்தது.

1997 தோல்விக்குப் பிறகு மீள 13 ஆண்டு பிடித்தது. 165 இடம், அடுத்து 166, அடுத்து 198, கடைசியில் 2010-ல் 306. அந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள். நான்கு ஆண்டு உழைப்புக்கு ஒரே ஒரு இடம் கூடுதல்.

கனடா இன்னும் கடுமையான பாடம். 1988-ல் 169 இடம் ஜெயித்த புரொகிரசிவ் கன்சர்வேட்டிவ் கட்சி 1993-ல் இரண்டு இடத்துக்குச் சுருங்கியது. வாக்கு 16 சதவீதம் இருந்தும், அது நாடு முழுக்கத் தூவிக் கிடந்தது. மேற்கு மாகாணங்களில் குவிந்திருந்த அங்கத்திய ரிஃபார்ம் கட்சி 52 இடம் வாங்கியது. இரண்டு முகாமும் பத்து ஆண்டு முட்டிக்கொண்டு, 2003 டிசம்பரில்தான் இணைந்தன. 2006-ல் ஸ்டீபன் ஹார்ப்பர் பிரதமரானார்.

"கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் இரண்டையும் கூட்டினால் 38 சதவீதம் வருகிறதே, லேபர் வாங்கியதே 33.7தானே" என்று கடிதத்தில் கூட்டல் போட்டிருக்கிறீர்கள். கனடாவில் 2000 தேர்தலில் இரண்டு வலதுசாரிக் கட்சிகளின் வாக்கைக் கூட்டினால் ஏறக்குறைய 38 சதவீதம் வரும். இணைந்தபின் 2004-ல் கிடைத்தது 29.6. பாதி வழியில் எட்டு சதவீதத்துக்கு மேல் கொட்டிப்போயிற்று. கூட்டணித் தேர்தல்களைப் பார்த்த உங்களுக்கு இது புதிதாக இருக்காது. தலைவர்கள் கை குலுக்கியதும் தொண்டர் ஓட்டு அப்படியே இடம் மாறிவிடாது.

ஜப்பானில் வேறு மாதிரி. அங்கத்திய லிபரல் டெமாக்ரடிக் கட்சி 2009-ல் 119 இடத்துக்கு விழுந்து 2012-ல் 294 இடத்தோடு எழுந்தது. ஆனால் விகிதாசாரப் பட்டியலில் அதற்கு விழுந்த வாக்கு 2009-ல் 1.88 கோடி, 2012-ல் 1.66 கோடி. இடம் இரண்டரை மடங்கானது, வாக்கு குறைந்தது! எதிரணி துண்டு துண்டாக உடைந்ததும் வாக்குப்பதிவு சரிந்ததும்தான் காரணம். ஆட்சி திரும்புவதும் வாக்காளர் திரும்புவதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிடச் சுத்தமான கணக்கு கிடையாது.

ஆக, என் கணிப்பு: கன்சர்வேட்டிவ் கட்சி அழிந்துபோகும் என்று சொல்ல ஆதாரம் போதாது, ஒரே தேர்தலில் பழைய உயரத்துக்கு வரும் என்பதற்கும் போதாது. ரிஃபார்ம் கையில் வந்த கவுன்சில்களை எப்படி நடத்துகிறது, எந்த ஊர்களில் கன்சர்வேட்டிவ் இன்னும் இரண்டாம் இடத்தில் இருக்கிறது, லிபரல் டெமாக்ரட் பக்கம் போன நடுத்தர வயதினர் திரும்புகிறார்களா என்ற மூன்றையும் கவனியுங்கள். மூன்றாவதுதான் கஷ்டம். 2024-ல், லேபரைவிடக் கன்சர்வேட்டிவுக்குப் போட வாய்ப்பு அதிகமாகிற வயது 63 என்று யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கணக்கிட்டது. 2019-ல் அந்த வயது 39.

மாப்பிள்ளையின் வார்டு: வீட்டில் உட்கார்ந்து போடும் கணக்கு

கிளைக்காரர்கள் "சும்மா பேருக்கு நில்லுங்கள்" என்று கேட்டார்களா, "ஜெயிக்க நில்லுங்கள்" என்று கேட்டார்களா என்பதை முதலில் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். எல்லா வார்டிலும் கட்சிப் பெயர் வாக்குச் சீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகவே பெயரளவு வேட்பாளர்களை நிறுத்துவது அங்கே எல்லாக் கட்சியிலும் வழக்கம். அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்காக விடுமுறை எடுத்துக் கை காசைச் செலவழிக்கத் தேவையில்லை.

கவுன்சிலின் இணையதளத்தில் பழைய முடிவுகள் எல்லாம் இருக்கும். கடைசி மூன்று தேர்தலை எடுத்து, சதவீதத்தை விட்டுவிட்டு வாக்கு எண்ணிக்கையை எழுதட்டும். 6,000 வாக்காளர் உள்ள வார்டில் மூன்றில் ஒருவர் வாக்களித்தால் 2,000 ஓட்டு. ஐந்து கட்சி நின்றால் 650 வாங்கினவர்கூட ஜெயிக்கலாம். சென்ற முறை ரிஃபார்ம் அந்த வார்டில் நின்றதா என்று பார்க்க வேண்டும். நிற்காமல் இருந்திருந்தால், கன்சர்வேட்டிவ் வாங்கிய பழைய வாக்கில் ஒரு பகுதி இந்த முறை அங்கே போகும் என்று கழித்துக்கொண்டுதான் மிச்சக் கணக்கு.

வேட்பாளரானதும் வாக்காளர் பட்டியலும் தபால் வாக்காளர் பட்டியலும் இலவசமாகக் கிடைக்கும். சென்ற தேர்தலில் யார் யார் வந்து வாக்களித்தார்கள் என்று குறியிட்ட பட்டியல் ஒன்றும் உண்டு. யாருக்குப் போட்டார்கள் என்பது அதில் இருக்காது, போட்டார்களா என்பது மட்டும் இருக்கும். கட்சி அதை வாங்கி வைத்திருக்கும். அதை வைத்து வடிகட்டினால் 6,000 பேர் 2,000 ஆகிவிடுவார்கள். தட்ட வேண்டிய கதவு அவைதான். கதவு திறந்தவுடன் "எங்களுக்குப் போடுவீர்களா" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். "போன முறை யாருக்குப் போட்டீர்கள், இந்தத் தெருவில் எது சரியில்லை" என்று கேட்டுக் குறித்துக்கொள்வது மேல். "பார்க்கலாம்" என்றவரை நம் கணக்கில் சேர்க்கக் கூடாது. முன்பு நமக்குப் போட்டு 2024-ல் போடாதவர் யார் என்று தனியாகக் குறித்து, அந்த வீடுகளுக்கு இரண்டாவது முறை போக வேண்டும்.

தபால் வாக்குச் சீட்டு தேர்தலுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வீட்டுக்குப் போய்விடும். பலர் வந்த அன்றே நிரப்பி அனுப்பிவிடுவார்கள். கடைசி வாரத்தில் ஊரைக் கலக்கலாம் என்று வைத்திருந்தால், வாக்கில் ஒரு நல்ல பங்கு ஏற்கெனவே போயிருக்கும்.

துண்டறிக்கையில் அடிக்கடி நடக்கும் தவறு, யார் வேலை எது என்று தெரியாமல் வாக்குறுதி கொடுப்பது. இரண்டடுக்கு ஊர்களில் (மேலே கவுண்டி, கீழே மாவட்டம் என்று இரண்டு கவுன்சில் இருக்கும் இடங்களில்) ரோட்டுக் குழி, முதியோர் பராமரிப்பு, பள்ளி இவை கவுண்டி கவுன்சில். குப்பை, வீடு கட்ட அனுமதி இவை மாவட்டக் கவுன்சில். மாவட்டக் கவுன்சிலுக்கு நிற்பவர் ரோடு போடுகிறேன் என்று அச்சிட்டால் எதிராளி அதையே படம் எடுத்துப் போட்டுவிடுவான். உங்கள் மாப்பிள்ளைக்கு முதியோர் பராமரிப்பு உள்ளுக்குள் தெரியும். கவுண்டி அல்லது ஒற்றையடுக்குக் கவுன்சிலாக இருந்தால் அதுவே அவர் பலம். படுக்கை ஒன்றுக்கு வாரம் எவ்வளவு, ஆள் ஏன் நிற்பதில்லை என்று அவர் பேசினால் கேட்பார்கள்.

"நம்ம ஆட்கள் முந்நூறு வீடு இருக்கு" என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், செல்லுபடியாகும் விசாவில் அங்கே வசிக்கும் இந்தியர் எவரும் வாக்காளராகப் பதியலாம். பலருக்கு இது தெரியாது. பதிவுக்குக் கடைசி நாள், தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்பு. வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கட்டாயம். இந்திய பாஸ்போர்ட் செல்லும், இந்திய டிரைவிங் லைசன்ஸ் செல்லாது. பதிந்தவர் எல்லாம் நம்ம ஊர்க்காரர் என்பதற்காகப் போடுவார்களா என்பது வேறு. கோட்டயத்து நர்ஸ் சோஜன் ஜோசப் 2024-ல் ஆஷ்ஃபோர்டில் எம்.பி. ஆனதை எழுதியிருக்கிறீர்கள். அவர் நின்றது லேபர் கட்சியில். அதற்கு முந்தைய ஆண்டே உள்ளூர்க் கவுன்சிலர் ஆகியிருந்தார். வித்தியாசம் 2,000-க்கும் குறைவு. அங்கே ரிஃபார்ம் வாங்கிய வாக்கு அதைப்போலப் பல மடங்கு. மலையாளி வாக்கால் மட்டும் வந்த வெற்றி இல்லை அது. எதிரே இருந்த வாக்கு உடைந்தது.

நிற்கும் தகுதியும் சட்டச் சிக்கலும்

வாக்களிக்க எந்த விசாவும் போதும். இங்கிலாந்தில் கவுன்சிலுக்கு நிற்க இந்தியருக்கு ஐ.எல்.ஆர். வேண்டும். மாப்பிள்ளைக்கு அது இருக்கிறது. கூடவே, அந்தக் கவுன்சில் எல்லையில் வாக்காளராக இருப்பது, 12 மாதம் வசித்தது, வேலை பார்த்தது, சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் வைத்திருந்தது என்பவற்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும். அந்தக் கவுன்சிலிடமே சம்பளம் வாங்குகிறவர் நிற்க முடியாது. முதியோர் இல்லம் தனியாருடையது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் தடை இல்லை. ஆனால் ஜெயித்த 28 நாளுக்குள் அந்த வேலையைத் தன் நலத் தொடர்பாகப் பதிவு செய்ய வேண்டும், அந்த இல்லத்துக்குக் கவுன்சில் பணம் கட்டினால் அந்த விஷயம் வரும் விவாதத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் முதலாளி பெயர் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். தகுதி இல்லாமல் தகுதி உண்டு என்று கையெழுத்திட்டால் அது குற்றம்.

அவர் வேலை காரணமாக இன்னொரு எச்சரிக்கை, இதை நான் அழுத்திச் சொல்வேன். வேட்பாளரும் பிரசாரம் செய்பவரும் பிறருடைய தபால் வாக்கைக் கையில் வாங்கக் கூடாது. குடும்பத்தாருக்கும் தான் நேரடியாகப் பராமரிப்பவருக்கும் விதிவிலக்கு உண்டு என்றாலும், இல்லத்துப் பாட்டி "தம்பி, இதைப் பெட்டியில போட்டுடு" என்று கவரை நீட்டினால் அவர் வேறு ஊழியரை அழைப்பதே நல்லது. நாளை ஒரு புகார் வந்தால் விதிவிலக்கை நிரூபிக்கும் அலைச்சல் இவருக்குத்தான். இல்லத்துக்குள் பிரசாரப் பேச்சும் வேண்டாம். மகள் நர்ஸ் சீருடையில் நிற்கும் படத்தைத் துண்டறிக்கையில் போடவும் வேண்டாம். அவர்கள் தொழில் நடத்தை விதி, அரசியல் நம்பிக்கையை முறையற்று வெளிக்காட்டக் கூடாது என்கிறது.

இந்தியக் குடியுரிமை பற்றிய பயம் தேவையில்லை. 1955 குடியுரிமைச் சட்டப்படி வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றால்தான் இது போகும். கவுன்சிலராவது அதில் வராது. "ராஜாவுக்குச் சத்தியம் செய்ய வேண்டுமாமே" என்கிறீர்கள், அது எம்.பி.க்களுக்கு. கவுன்சிலர் கையெழுத்திடுவது, கடமையை ஒழுங்காகச் செய்வேன் என்ற ஏற்பு உறுதிமொழி மட்டும். ஆனால் ஜெயித்தபின் ஆறு மாதம் தொடர்ந்து எந்தக் கூட்டத்துக்கும் போகாவிட்டால் பதவி தானாகப் போய்விடும். ஊரில் வந்து நீண்ட நாள் தங்கும் திட்டம் இருந்தால் இதை மனத்தில் வைக்கட்டும். கொழிஞ்சாம்பாறை வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் சாதாரணக் குடியிருப்பாளராகவே இன்னும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சரிசெய்ய வேண்டும். வெளிநாடுவாழ் வாக்காளருக்கு 6ஏ படிவம் தனியாக இருக்கிறது.

ரிஃபார்முக்குத் தாவலாமா

வெற்றி வாய்ப்பை மட்டும் பார்த்தால் சில வார்டுகளில் ஆம் என்று வரும். ஆனால் அந்தக் கட்சி 2025 செப்டம்பரில் அறிவித்த கொள்கையை அவர் முழுசாகப் படிக்கட்டும்: ஐ.எல்.ஆர். முறையையே எடுத்துவிட்டு ஐந்தாண்டு விசாவாக மாற்றுவது, ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் மறுபடி விண்ணப்பிப்பது. உங்கள் மகள் கையில் இருப்பதே அந்த அனுமதிதான். கன்சர்வேட்டிவும் இளகியதாக இல்லை, ஐ.எல்.ஆர். கிடைக்க 10 ஆண்டு, குடியுரிமைக்கு 15 ஆண்டு என்று 2025 தொடக்கத்தில் சொன்னது. லேபர் அரசும் 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் காத்திருப்பை 10 ஆண்டாக்க முன்மொழிந்தது. கதவைத் தட்டும் இந்தியக் குடும்பங்கள் முதலில் கேட்கப்போவது இதைத்தான். எந்தக் கட்சியின் பதிலைத் தன் வாயால் கூசாமல் சொல்ல முடியுமோ அங்கே நிற்பதுதான் நடைமுறைக்கும் உகந்தது. எந்தக் கட்சி நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. கவுன்சில் மட்டத்தில் ஒரு முறை தாவினவரை அடுத்த கிளை சீக்கிரம் நம்பாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பணமும் காகிதமும்

நீங்கள் இரண்டு லட்சம் அனுப்பக் கூடாது. வேட்பாளருக்கு 50 பவுண்டுக்கு மேல் யார் கொடுத்தாலும், அவர் பெயர் பிரிட்டன் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். மாமனார் என்ற உறவு அங்கே செல்லாது. மகளுக்கு அனுப்பி மகள் வழியாகக் கொடுக்கலாம் என்ற யோசனை அதைவிட மோசம், மூலத்தை மறைத்ததாகும். பணமும் அவ்வளவு தேவைப்படாது. கவுன்சில் தேர்தலுக்கு டெபாசிட் கிடையாது (எம்.பி. தேர்தலுக்குத்தான் 500 பவுண்டு). வார்டு அளவைப் பொறுத்துச் செலவுக்கு உச்சவரம்பும் உண்டு.

வேட்புமனுவுக்கு அந்த வார்டு வாக்காளர் இருவர் கையெழுத்து, வீட்டு முகவரிப் படிவம், சம்மதப் படிவம், கட்சிப் பெயரைப் பயன்படுத்தக் கட்சி தரும் சான்று. இவை தேர்தலுக்கு 19 வேலை நாள் முன்பு, மாலை 4 மணிக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும். கட்சிச் சான்று தாமதமாகி, கடைசி நாளில் மாட்டிக்கொள்வோர் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடுபவர் பெயர் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே மனுவிலும் இருக்கட்டும். துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் வேண்டும். 2023 நவம்பர் முதல் முகநூல், வாட்ஸ்அப் விளம்பரங்களுக்கும் வெளியிடுபவர் விவரம் போட வேண்டியிருக்கிறது. முடிவு வந்து 35 நாளுக்குள் செலவுக் கணக்கு. ஒரு பென்னிகூடச் செலவழிக்காத பெயரளவு வேட்பாளரும் பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். தோற்ற சோர்வில் இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

கடைசியாக உங்கள் ஏப்ரல் பயணம். பார்வையாளர் விசாவில் போகிறவர் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்கு 30 நாள்வரை தன்னார்வ வேலை செய்யலாம் என்கிறது விதி. கட்சி தொண்டு நிறுவனம் இல்லை. அதனால் துண்டறிக்கைப் பையைத் தோளில் மாட்டாதீர்கள், தேர்தல் கூட்ட மேசையிலும் உட்காராதீர்கள். மாலை ஆறிலிருந்து எட்டுவரை பேத்தியை நீங்கள் பார்த்துக்கொண்டால் மகளும் மாப்பிள்ளையும் நாளைக்கு நாற்பது கதவு தட்டிவிட்டு வரலாம். குடும்பத்தைப் பார்க்கப் போனவர் சில மணி நேரம் பேத்தியோடு இருப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.